சாலையும் மாலும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் கடைத்தெருவைத் தமிழர் ‘சாலை’ என்பர். மலையாளிகள் ‘சால’ என்பர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த அங்காடி இது. நாஞ்சில்நாட்டு நெல்லும் பிற விளைபொருள்களும் இங்கு வந்து குவிந்தன. சரக்கோடு வந்த தமிழ் வணிகர் இங்கேயே வேரூன்றினர். 1956இல் நாஞ்சில்நாடு சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்னரும் அவ்வுறவு அறுபடவில்லை.

ஆனால் நகரின் புதிய ஆடம்பர வணிகம் கோட்டையை விட்டுப் புறவழிச்சாலையை நாடியது. 2018இல் ஈஞ்சக்கல் அருகே மால் ஆஃப் டிராவன்கூர், 2021இல் ஆக்குளத்தில் லுலு மால் திறக்கப்பட்டன. நிலத்தின் வடிவம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். பேரங்காடிக்கு ஒரே கையில் பல ஏக்கர் நிலமும் வாகன நிறுத்தமும் வேண்டும். சாலைக் கடைத்தெருவிலோ நிலம் ஒடுங்கிய மனைகளாகப் பலரிடம் சிதறிக் கிடக்கிறது. வளர்ச்சிக்குத் தடை எனப்படும் அச்சிதறலே சிறு வணிகரைக் காத்தும் வந்துள்ளது.

‘மால்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் முதலில் லண்டனில் ஒரு பந்தாட்டத் தடத்தையும், பின்னர் மரநிழல் உலாப்பாதையையும் குறித்தே கடைத்தொகுதியின் பெயராயிற்று. இரு பெயர்களிலும் ஒரு வழி இருக்கிறது. ஆயினும் சாலை இன்றும் வழியாகவே நீடிக்கிறது. எதையும் வாங்காமல் எவரும் கடந்து செல்லலாம். மாலின் வாயிலோ இரவில் பூட்டப்படும். எனவே கிழக்கேகோட்டையின் மனைகளை ஒன்றுதிரட்டும் திட்டம் எதுவும் வருமாயின், முதலில் கேட்க வேண்டியது சதுர அடியின் விலையன்று. அந்த வழி இனி யாருடையது என்பதே.