ஆளோடு போகாத அறிவு: பிரான்சின் அரசுப் படைப்பொறியாளர்

ஒரு நாட்டின் படைக்கலத் தொழிலைப் பற்றி எண்ணுங்கால், பெருஞ்செல்வர்களின் ஆலைகளும் வணிகக் கூட்டுறவுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிரெஞ்சு நாட்டின் வரலாறோ வேறொரு வழியில் நடந்தது. அங்கே பீரங்கியும் வெடிமருந்தும் போர்க்கப்பலும் ஏவுகணையும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக அரசின் ஊதியம் பெற்ற பொறியாளர்களின் கையில் வளர்ந்தன. அவர்கள் படைத்தரம் உடையவர்கள், சீருடை அணிந்தவர்கள், எனினும் அவர்களுடைய பணிக்களம் போர்முனையன்று, வரைபட மேசையும் வார்ப்படச் சாலையுமே ஆகும். அவர்கள் கற்ற கலையின் ஒரு கிளை, கடல் கடந்து தமிழகத்தின் தென்கோடியிலும் வேரூன்றியது. அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனிமனிதரை நம்பிய கலை

தமிழ்நாட்டில் படைக்கலக் கலைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. தஞ்சையின் கீழைக் கோட்டை வாயிலருகே, பீரங்கி மேட்டில் இன்றும் கிடக்கும் பெரும் பீரங்கி, பதினேழாம் நூற்றாண்டில் நாயக்க மன்னர் காலத்தில் செய்யப்பெற்றது. ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள அது வார்ப்பினால் ஆனதன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் இரும்பு வளையங்களைக் காய்ச்சி இறுக்கி, அடித்துப் பொருத்திய வேலை அது. இத்தனை பெரிய இரும்பை ஒரே சீராகச் சூடேற்றி இணைத்த கொல்லர்களின் திறம் இன்றைய உலோகவியலாரையும் வியக்க வைக்கிறது. ஆயினும் அக்கொல்லர்கள் யாவர், எவ்வாறு செய்தனர் என்பதற்கு அவர்களே எழுதிவைத்த ஏடு எதுவும் நமக்குக் கிட்டவில்லை. பீரங்கி நின்றது, கலை போயிற்று.

அடுத்த சான்று இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள உதயகிரிக் கோட்டை. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் வென்றார். அப்போரில் சிறைப்பட்ட யூஸ்டேசியஸ் டி லனாய் என்பவர், பின்னர் அம்மன்னரிடமே பணிபுரிந்து படைத்தலைவராக உயர்ந்தார். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தனர். அவர் உதயகிரிக் கோட்டையைப் புதுப்பித்தார்; அங்கே பீரங்கி வார்க்கும் சாலை ஒன்றை நிறுவினார்; படையினரை ஐரோப்பிய முறையில் பயிற்றினார். 1777இல் மறைந்த அவரது கல்லறை அக்கோட்டைக்குள்ளேயே உள்ளது. அக்கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அவர் கொணர்ந்த கலை அவருக்குப் பின் ஒரு பள்ளியாகவோ, ஒரு பணித்துறையாகவோ உருப்பெறவில்லை. வந்தது ஓர் ஆளோடு, சென்றதும் அவ்வாளோடு.

பள்ளியும் பணித்துறையும்

அதே காலத்தில் பிரான்சு செய்தது யாது? பதினான்காம் லூயி மன்னரின் கோட்டைகளுக்குத் தலைமை ஆணையராக 1678இல் அமர்ந்த வோபான், பொறியாளர்களை நாடெங்கும் தேடித் திரட்டும் நிலையை மாற்றி, அவர்களை நிலையான அரசுப் பணியாளராக்க முனைந்தார். அவருடைய கோட்டைமுறை தமிழ் மண்ணையும் எட்டியது. புதுச்சேரியில் 1706இல் கட்டி முடிக்கப்பெற்ற பிரெஞ்சுக் கோட்டை அம்முறையைத் தழுவியதே. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி அக்கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினர். கோட்டை இடிந்தது, ஆனால் அதை வரைந்த அறிவு இடியவில்லை. ஏனெனில் அவ்வறிவு அதற்குள் ஒரு பள்ளியின் உடைமை ஆகிவிட்டது.

அப்பள்ளி 1748இல் மெசியேர் என்னும் நகரில் தொடங்கிய படைப்பொறியியற் பள்ளியாகும். அதற்கும் முன்னரே, 1741இல், கப்பல் கட்டும் பொறியாளருக்குப் பாரிசில் ஒரு பள்ளி தோன்றியிருந்தது. மெசியேர்ப் பள்ளியின் பெருமைக்கெல்லாம் மகுடமாக விளங்குபவர் காசுப்பார் மோஞ்சு. அவர் ஒரு சிறுவணிகரின் மகன். உயர்குடிப் பிறப்பினர்க்கே அதிகாரிகளுக்கான வகுப்பில் இடம் என்னும் விதி இருந்தமையால், அவர் படம் வரையும் கீழ்ப்பிரிவிலேயே சேர்க்கப்பெற்றார். கோட்டைச் சுவரின் உயரத்தை நெடிய கணக்குகளால் அறியவேண்டியிருந்த இடத்தில், அவர் வரைபடத்தாலேயே விடை கண்டார். முப்பரிமாணப் பொருளொன்றை மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்த தோற்றங்களாகத் தாளில் வரைந்து, அவற்றிலிருந்து அதன் வடிவை முழுமையாக மீட்கும் முறையே அது. இன்று நம் மாணவர் தொழில்நுட்ப வரைகலை வகுப்பில் கற்பது அதன் வழித்தோன்றலேயாம்.

அம்முறையைப் படைத்துறை நெடுங்காலம் மறைபொருளாகவே காத்தது. புரட்சிக்குப் பின், 1795இல், பாரிசில் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென்று கூடிய கல்லூரியில் மோஞ்சு அதனை வெளிப்படையாகக் கற்பித்தார். அவர் சொற்பொழிவுகளைச் சுருக்கெழுத்தாளர் எழுதி அச்சேற்றினர். படையின் மறைபொருளாக இருந்த ஒன்று, ஆசிரியர் பயிற்சி வகுப்பின் வழியாகவே உலகப் பொதுவுடைமை ஆயிற்று என்பது நம்மனோர் எண்ணி மகிழத்தக்கது. 1794இல் தோன்றிய பாலிடெக்னிக் பள்ளியும் அவர் போன்றோர் முயற்சியால் எழுந்ததே. போட்டித் தேர்வால் மாணவரைத் தெரிந்தெடுத்து, கணிதமும் இயற்பியலும் வேதியியலும் கற்பித்து, அரசின் பல்வேறு பொறியியற் பணித்துறைகளுக்கு அனுப்பும் நாற்றங்காலாக அது விளங்கியது.

பள்ளி அறிவை அளித்தது. பணித்துறை அதனை ஒழுங்குபடுத்தியது. 1765இல் கிரிபோவால் பீரங்கிகளின் வகைகளைக் குறைத்து, எடையைக் குறைத்து, அளவுகளை வரையறுத்தார். வரையறுத்த அளவினின்று பிறழ்ந்த உறுப்பை அளவுக்கருவியால் சோதித்துத் தள்ளும் வழக்கம் வேரூன்றியது. அவர் ஆதரவு பெற்ற ஒனோரே பிளாங்கு என்னும் துப்பாக்கிக் கலைஞர், 1785இல், கலைத்துக் குவித்த உறுப்புகளிலிருந்து எவற்றையும் எடுத்துத் துப்பாக்கி விசையைப் பொருத்திக் காட்டலாம் என மெய்ப்பித்தார். அமெரிக்கத் தூதராய் அங்கிருந்த சேபர்சன் அதனைக் கண்டு தம் நாட்டுக்கு எழுதினார். ஒருவர் கைப்பழக்கத்தில் அடங்கியிருந்த நுட்பம், எவரும் பின்பற்றத்தக்க அளவாக மாறிய திருப்புமுனை இது.

அரசின் ஆலைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மரபு கனிந்தது. கடற்படைப் பொறியாளர் துப்புய் தெ லோம் வரைந்த 'குளோவார்' 1859இல் நீரில் இறங்கியது. பெருங்கடலில் செல்லவல்ல முதல் இரும்புக் கவசப் போர்க்கப்பல் அதுவே. 1884இல் அரசு வெடிமருந்துத் துறைப் பொறியாளர் போல் வியேல் புகையற்ற வெடிமருந்தைக் கண்டார். 1897இல் அரசுப் படைக்கலச் சாலையில் உருவான 75 மில்லிமீட்டர் பீரங்கி, சுட்டதும் குழல் மட்டும் பின்வாங்கி மீள, வண்டி அசையாது நிற்கும் அமைப்பினால் விரைந்து சுடும் பீரங்கிகளுக்கு முன்மாதிரியாயிற்று. இவை மூன்றும் ஊதியம் பெற்ற அரசுப் பணியாளரின் ஆக்கங்கள் என்பது கருதத்தக்கது.

இரண்டாம் உலகப் போரில் வீழ்ந்தெழுந்த பிரான்சு, தன் படைக்கலத்துக்குப் பிறரை அண்டுவதில்லை எனத் துணிந்தது. 1961இல் தெ கோல் ஆட்சியில் படைக்கலப் பணிகள் யாவும் ஒரே அமைச்சுத் துறையின்கீழ்க் கொணரப்பெற்றன. தரைப்படை, கடற்படை, வானூர்தி, வெடிமருந்து எனப் பிரிந்திருந்த பொறியாளர் பிரிவுகள் 1968இல் ஒரே படைக்கலப் பொறியாளர் அணியாக இணைந்தன. 1977இல் அத்துறை படைக்கலத் தலைமை ஆணையம் எனப் பெயர் பெற்றது. பின்னாளில் ஆலைகள் அரசின் நேர்பொறுப்பிலிருந்து விலகின. தரைப்படைப் படைக்கல ஆலைகள் 1990இலும், கடற்படைக் கட்டுதளங்கள் 2003இலும் நிறுமங்களாக மாறின. எனினும் எது வேண்டும் என வரையறுப்பதும், செய்ததைச் சோதித்து ஏற்பதும் அரசுப் பொறியாளர் கடனாகவே நீடிக்கின்றன. மலேசியக் கடற்படையில் 2009இல் சேர்ந்த 'துங்கு அப்துல் ரகுமான்' நீர்மூழ்கி பிரெஞ்சு, இசுபானிய நிறுவனங்கள் கூடிக் கட்டியது. அதன் பின்னும் இந்நெடிய மரபு நிற்கிறது.

வெர்னானும் மகேந்திரகிரியும்

1946இல் நார்மண்டிப் பகுதியிலுள்ள வெர்னான் என்னும் சிற்றூரில், படைக்கலத் துறை ஓர் ஆய்வகத்தை நிறுவியது. போருக்குப் பின் வந்த செருமானிய ஏவுகலை வல்லுநர் சிலரும் அங்கே பணிபுரிந்தனர். பிரான்சு தன் முதல் செயற்கைக்கோளை 1965இல் ஏவியபோது, அந்த ஏவுகலத்துக்கு அடிகோலியோருள் இவ்வாய்வகத்தாரும் அடங்குவர். 'வைக்கிங்' என்னும் நீர்ம எரிபொருள் பொறியின் கருவும் அங்கேதான் உருவாயிற்று. 1971இல் அப்பணி ஓர் ஏவுபொறி நிறுமத்துக்கு மாற்றப்பட்டது. 1979ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் எழுந்த முதல் 'ஏரியன்' ஏவுகலத்தை உந்திய பொறி அதுவே.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1974இல் அந்நிறுமத்துடன் ஓர் உடன்படிக்கை செய்தது. தொழில்நுட்பத்துக்கு ஈடாக, இந்தியப் பொறியாளர் 100 ஆளாண்டு உழைப்பை, அதாவது ஒருவர் ஓராண்டு செய்யும் பணியை நூறு மடங்கு, வைக்கிங் பொறியின் வளர்ச்சிக்கு நல்குவது என்பது அதன் சாரம். நாகர்கோவிலில் பிறந்து, மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் பயின்ற நம்பி நாராயணன் தலைமையில் பொறியாளர் குழு வெர்னானுக்குச் சென்றது. அவர்கள் விருந்தினராக இருந்து பார்த்து வரவில்லை. வரைபடம் வரைந்தனர், உறுப்புகளைச் சோதித்தனர், பழுதுகளை ஆராய்ந்தனர். தாள் மட்டும் பெற்றவன் ஒரு பொறியைப் படியெடுக்கலாம்; உடன் உழைத்தவன் அதனைத் திருத்தவும் வல்லவனாகிறான்.

இந்தியாவில் செய்த பொறி 1985இல் வெர்னானிலேயே சோதிக்கப்பெற்று வெற்றி கண்டது. அதற்கு 'விகாசு' எனப் பெயரிட்டனர். வளர்ச்சி என்பது பொருள். திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் அமைந்த சோதனைக்களம் அப்பொறியின் தாய்வீடாயிற்று. 1994ஆம் ஆண்டு அக்டோபரில் வெற்றியுடன் எழுந்த துருவக்கோள் ஏவுகலத்தின் இரண்டாம் கட்டத்தை இயக்கியது அதுவே. அதே ஆண்டு நவம்பரில் நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார். நடுவண் புலனாய்வுத் துறை 1996இல் அவ்வழக்கு ஆதாரமற்றது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 இலட்ச ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2019இல் பத்ம பூசண் விருது வந்தது. அவருக்கு நேர்ந்த துன்பம் பெரிது. ஆனால் விகாசு நிற்கவில்லை. 2023ஆம் ஆண்டு சூலையில் மூன்றாம் சந்திரயானைச் சுமந்த ஏவுகலத்தின் நடுக்கட்டத்தில் இரண்டு விகாசுப் பொறிகள் எரிந்தன. உதயகிரியில் ஒருவரோடு நின்ற கலைக்கும், அங்கிருந்து தொலைவில்லாத மகேந்திரகிரியில் தலைவர் அகற்றப்பட்ட பின்னும் தொடர்ந்த கலைக்கும் இடையேயுள்ள வேற்றுமை இதுதான்: பின்னது பலர் கையிலும் பதிவேட்டிலும் பயிற்சியிலும் குடியேறிவிட்டது.

நாம் கொள்ளத்தக்கது

படைக்கலத் தொழிலைப் புகழ்ந்துரைப்பது நம் நோக்கமன்று. 75 மில்லிமீட்டர் பீரங்கியின் முன் வீழ்ந்தோர் பலர். சகாராப் பாலையில் 1960இல் பிரான்சு வெடித்த அணுகுண்டின் கதிர்வீச்சு அப்பகுதி மக்களுக்கு விட்டுச்சென்ற துயரும் மறத்தற்குரியதன்று. அரசின் கையிலிருப்பதால் மட்டும் ஓர் அறிவு அறமாகிவிடாது. அரணுக்கும் படைமாட்சிக்கும் தனி அதிகாரங்கள் வகுத்த வள்ளுவர், அவற்றினும் முன்னே செங்கோன்மையை வைத்ததன் கருத்தையும் மாணவர் உணர வேண்டும்.

ஆனால் அறிவைக் காக்கும் முறையை எவரிடமிருந்தும் கற்கலாம். பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஆற்றைக் கடந்தால் எதிர்ப்படும் கோலசிலாங்கூர் மெலாவாத்திக் குன்றில், பழம் பீரங்கிகள் இன்றும் கடலை நோக்கி நிற்கின்றன. கல்விச் செலவு போகும் நம் மாணவர் அவற்றின்மேல் ஏறி விளையாடுவர். வார்த்தவர் யார் என எவரும் கேட்பதில்லை. வடசிலாங்கூர்த் தோட்டங்களின் கதியும் ஏறத்தாழ அதுவே. இரப்பர்த் தொழிற்சாலையில் பால் உறைவதைக் கண்ணால் அளந்தவரும், புகைக்கூடத்தின் சூட்டை முகத்தால் உணர்ந்தவரும், பழைய எந்திரத்தின் ஓசையைக் கேட்டே பழுதறிந்தவரும் நம்மிடையே வாழ்ந்தனர். இரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, அவர்களுடைய நுட்பம் எந்த ஏட்டிலும் ஏறாமலேயே அவர்களோடு மறைந்தது. தஞ்சைக் கொல்லருக்கு நேர்ந்தது நம் பாட்டனாருக்கும் நேர்ந்தது.

எனவே ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தம் வட்டாரத்தில் தொழில் தெரிந்த முதியோரை மாணவர் அணுகிக் கேட்டு, கருவியின் பெயரையும் செய்முறையையும் அளவையும் தமிழில் எழுதி, படம் வரைந்து வைக்கும் பயிற்சியை வகுப்பறைப் பணியாக்கலாம். மோஞ்சு கற்பித்ததும் அதுவே: கையில் உள்ளதைத் தாளில் இறக்கினால், அது எவர் கையிலும் ஏறும். மாணவனின் பயிற்சி ஏட்டில் ஏறிய நுட்பம் அடுத்த தலைமுறைக்கு முதலாகும்.