இரண்டு காக்கி, ஒரே வாக்குமூலம்

ஆம்பூர்ல தோல் என்றால் ஆடு, மாடு, ஷூ, ஏற்றுமதி. தெற்கே ஜவ்வாது மலைப் பக்கம் போனால், ஒரேயொரு மான் தோல் ஆளையே உள்ளே தள்ளிவிடும்.

நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டது லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டம். 1959 சட்டமும் கேட்கிறது. ஆனால் துப்பாக்கியைவிட ஆபத்து வாய்தான் என்பேன்.

போலீஸிடம் 'ஆமா சார், சுட்டேன்' என்றால் அது ஒப்புதல் வாக்குமூலமாகச் செல்லாது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அப்படி; 2023-இல் வந்த புதுச் சட்டமும் அதையே சொல்கிறது. அடித்து வாங்குவார்கள் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கு!

வனத்துறையும் காக்கிதான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் போலீஸ் இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, அதிகாரம் பெற்ற உதவி வனப் பாதுகாவலரோ அவருக்கு மேலுள்ளவரோ குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்த வாக்குமூலம் கோர்ட்டில் ஏறும். 57-ஆம் பிரிவு இன்னும் கடுமை. கறியோ தோலோ கையில் இருந்தால், முறைப்படி வந்ததுதான் என்று நிரூபிப்பது நம்ம பாடு.

'முயல்தானே சார்' என்று சமாதானம் சொன்னாலும் வேட்டையை ஒப்புக்கொண்ட கணக்குதான். முயலும் பட்டியலில் இருக்கு. கைதானவர் வக்கீலைக் கேட்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 22(1). தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற 20(3), இரண்டு காக்கிக்கும் பொது.