முதிய தன்பாலீர்ப்பு இணையரின் உணவுப் பழக்கங்கள்

ஆணும் ஆணுமாகவோ பெண்ணும் பெண்ணுமாகவோ பல்லாண்டுகள் ஒரே இல்லத்தில் வாழ்ந்து முதுமையை எட்டியவர்களிடையே, ஒருவர் உண்பதை மற்றவர் எவ்வாறு மாற்றியமைக்கிறார் என்பது சமூகவியலும் உணவியலும் சேர்ந்து ஆராயும் ஒரு பொருளாகும். இது குறித்த ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் நிகழ்ந்தவை. ஆகவே கீழ்வரும் செய்திகள் பெரும்பாலும் அந்நாட்டு நகரங்களில் வாழும் நடுத்தர வகுப்பினரைப் பற்றியவை என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இல்லத்து உணவை முடிவு செய்பவர் யார் என்ற வினாவை முறையாக எழுப்பியவர்களுள் முதன்மையானவர் உளவியலாளர் கர்ட் லெவின். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943-இல் வெளியான தம் ஆய்வில், உணவு கடையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் மேசைக்கு வரும் வழிகளை ஒருவர் காவல்புரிகிறார் என்றும், குடும்பம் எதை உண்ணும் என்பது அவர் எதை உள்ளே விடுகிறார் என்பதைப் பொறுத்தது என்றும் அவர் விளக்கினார். அந்தக் காவலர் மனைவியே என்பது அக்கால ஆய்வாளர்க்கு ஐயமற்ற செய்தியாக இருந்தது. மணவாழ்வு உடல்நலத்தைக் காப்பது ஏன் என்று ஆராய்ந்த சமூகவியலாளர் டெப்ரா அம்பர்சனும், கணவனின் பழக்கங்களை மனைவி கண்காணித்துத் திருத்துவதே அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று 1992-இல் காட்டினார். மனைவி என்றும் கணவன் என்றும் இருவேறு இடங்கள் இல்லாத வீட்டில் இக்காவல் யாரிடம் போய்ச் சேரும் என்பதிலிருந்தே தன்பாலீர்ப்பு இணையர் பற்றிய ஆய்வு தொடங்குகிறது.

இதற்குக் கிடைத்துள்ள தெளிவான விடை, சமூகவியலாளர் கொரின் ரெசெக், அம்பர்சனுடன் இணைந்து 2012-இல் வெளியிட்ட நேர்காணல் ஆய்வில் உள்ளது. துணைவரின் உணவு, உடற்பயிற்சி, உறக்கம், மருத்துவரிடம் செல்லுதல் ஆகியவற்றை நல்வழிப்படுத்த ஒருவர் எடுக்கும் முயற்சியை அவர்கள் ஓர் உழைப்பாகவே கருதினர். ஆண்-பெண் இணையரில் பெரும்பாலோரிடம் இவ்வுழைப்பு ஒருவர் தோளிலேயே, பெரும்பாலும் பெண்ணின் தோளிலேயே விழுந்திருக்க, தன்பாலீர்ப்பு இணையரில் பெரும்பாலோர் அதை இருவரும் மாறிமாறிச் செய்வதாகக் கூறினர். உப்பைக் குறைக்கச் சொல்பவர் மறுவேளை இனிப்பைக் குறைக்கச் சொல்லக் கேட்பவராகவும் இருப்பதால், அறிவுரை அதிகாரமாகத் தோன்றாமல் இருவருக்கும் பொதுவான திட்டமாகிறது.

எனினும் இந்தச் சமத்துவத்தை மிகைப்படுத்திவிடக் கூடாது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 52 தன்பாலீர்ப்புக் குடும்பங்களை ஆராய்ந்து கிறிஸ்டோபர் கேரிங்டன் 1999-இல் வெளியிட்ட நூல், பட்டியலிடுதல், விலை பார்த்து வாங்குதல், மற்றவரின் விருப்பு வெறுப்புகளை நினைவில் வைத்தல், சமைத்தல் ஆகிய அனைத்தையும் உணவூட்டும் உழைப்பு என்று கொண்டு நோக்கியபோது, சரிபாதி என்று சொல்லிக்கொண்ட பல வீடுகளில் அது ஒருவரிடமே குவிந்திருந்ததைக் கண்டது. வேலை நேரமும் வருமானமும் அதைப் பெரிதும் தீர்மானித்தன. இணையர் இதை வெளியே சொல்லத் தயங்கினர்; சமைக்கும் ஆணின் ஆண்மையும் சமைக்காத பெண்ணின் பெண்மையும் பிறரால் ஐயுறப்படும் என்ற அச்சமே அத்தயக்கத்துக்குக் காரணம். இரு ஆய்வுகளும் முரண்படுவனவாகத் தோன்றினாலும், சமைப்பது ஒருவராகவும் அக்கறை காட்டுவது இருவராகவும் இருத்தல் இயல்பே.

இதற்கு வரலாற்றில் நன்கு பதிவான சான்று, பாரிசில் வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனும் அவருடைய துணைவி ஆலிஸ் பி. டோக்லஸும். ஸ்டைன் சமைப்பவரல்லர். வீட்டுச் சமையற்காரரின் விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அமெரிக்க உணவு வேண்டும் என்ற ஸ்டைனின் விருப்பமே டோக்லஸை அடுப்படிக்கு இட்டுச்சென்றது. ஸ்டைன் 1946-இல் மறைந்த பின்னர், 1954-இல் டோக்லஸ் வெளியிட்ட சமையல் நூல் அவ்விருவரின் கூட்டு வாழ்வின் நினைவேடாகவும் அமைந்தது. உண்பவரின் சுவையும் சமைப்பவரின் கையும் ஒன்றையொன்று உருவாக்கியதற்கு அந்நூலினும் சிறந்த சான்று காண்பது அரிது.

செல்வாக்கு எப்போதும் நன்மையே பயப்பதில்லை. ஃபிரேமிங்காம் நகர மக்களை 32 ஆண்டுகள் தொடர்ந்த தரவுகளைக் கொண்டு கிறிஸ்டாக்கிஸும் ஃபவுலரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மணத்துணைவருள் ஒருவர் உடற்பருமன் அடைந்தால் மற்றவர் அவ்வாறே ஆகும் வாய்ப்பு 37 விழுக்காடு கூடுவது தெரியவந்தது. ரெசெக்கும், ஒருவர் நேரடியாகத் தீய பழக்கத்துக்கு இழுத்தல், இருவர் பழக்கமும் ஒத்துப்போய் ஒன்றாகக் கெடுதல், ‘அவர் உடல், அவர் பொறுப்பு’ என்று ஒதுங்குதல் என மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டினார்.

முதுமை இச்செல்வாக்கை வலுப்படுத்துகிறது. வயதேற நாவும் மூக்கும் மங்குவதால் பசி குறைகிறது; தாக உணர்வும் குன்றுகிறது. தசை கரைவதைத் தடுக்கப் புரதம் கூடுதலாகத் தேவைப்படும் பருவத்திலேயே உணவின் அளவு சுருங்குகிறது. இந்நிலையில் உண்ணுமாறு தூண்ட எதிரே ஒருவர் அமர்ந்திருப்பது மருந்துக்கு நிகரானது. முதிய தன்பாலீர்ப்பாளருள் பிள்ளைகள் இல்லாதோர் மிகுதி. பிறந்த குடும்பத்தால் விலக்கப்பட்டோரும் உண்டு. எனவே இப்பொறுப்பு பெரும்பாலும் துணைவர் ஒருவரையே சார்கிறது. அவர் மறைந்தால் தனித்து உண்பவர் வேளை தவறுதலும் எடை இழத்தலும் கைம்மை பற்றிய ஆய்வுகள் பொதுவாகக் கண்டவை.

இன்று முதுமையில் உள்ள தன்பாலீர்ப்பு ஆண்கள் பலருக்கு, நோயுற்றவருக்குச் சமைத்தல் இளமையிலேயே வந்த கடமை. எய்ட்ஸ் பரவிய 1980-களில் உடல் உருகும் துணைவருக்கு உணவூட்டுவதே அன்றாடப் போராட்டமாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ரூத் பிரிங்கர் 1985-இல் தொடங்கிய ‘புராஜெக்ட் ஓப்பன் ஹேண்ட்’, அந்நோயாளிகளின் வீட்டுக்கே உணவு கொண்டுசென்ற அமைப்பாகும்.

உணவு ஆலோசனை பயனளிக்க வேண்டுமாயின், நோயாளியுடன் அவருக்குச் சமைப்பவரும் அழைக்கப்பட வேண்டும். அவர் யாரென்று கூசாமல் கேட்கும் பழக்கம் மருத்துவமனைகளுக்கு வேண்டும். அமெரிக்காவில் 2015-இல் தன்பாலீர்ப்பு இணையரின் திருமண உரிமை நாடு முழுவதும் நிலைபெற்றதால், துணைவரின் இடம் சட்டத்தில் தெளிவாயிற்று. இந்தியாவில் 2023 அக்டோபர் 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்க மறுத்தது. ஆயினும் 2024-இல் ஒன்றிய அரசு, ரேஷன் கார்டு வழங்குவதில் இத்தகைய இணையரை ஒரே குடும்பமாகக் கருதுமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.