நீர்ப்பாய்வு வீத அலகுகளும் மதுரை வட்டார வழக்கும்

வாய்க்கால், குழாய், மதகு எதுவானாலும், அதன் வழியே குறித்த நேரத்தில் கடந்துபோகும் நீரின் கன அளவே நீர்ப்பாய்வு வீதம். அனைத்துலக முறையில் இதன் அலகு விநாடிக்கு ஒரு கன மீட்டர். விநாடிக்கு லிட்டர், நிமிடத்துக்கு லிட்டர், மணிக்குக் கன மீட்டர், குடிநீர்த் திட்டங்களில் பேசப்படும் எம்.எல்.டி. (நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர்) ஆகியவையும் மெட்ரிக் அலகுகளே. எழுமலை, உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் இவற்றோடு கன அடியும் போர்க்கிணற்று இஞ்சும் சேர்ந்தே புழங்குகின்றன.

கன அடி இங்கு வேரூன்றியது ஆங்கிலேயப் பொறியாளர்களால். 1895இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெரியாற்று நீர் வைகைப் படுகைக்குத் திரும்பியபோது, மதகுக் கணக்கு முழுவதும் விநாடிக்கு இத்தனை கன அடி என்றே எழுதப்பட்டது. விடுதலைக்குப் பின் 1956இல் எடை, அளவைச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறையானது. வைகை அணை திறக்கப்பட்ட நாள் 1959 ஜனவரி 21. மெட்ரிக் முறை தொடங்கிய நான்காம் மாதம் திறந்த அந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் இன்றும் 71 அடிதான். அதே 1959 ஜூலையில், ஓர் அடி என்பது மிகச் சரியாக 0.3048 மீட்டர் என அமெரிக்காவும் காமன்வெல்த் நாடுகள் சிலவும் ஒப்புக்கொண்டன. ஒரு கன அடிக்கு 28.3168 லிட்டர் என்ற கணக்கு அதிலிருந்து பிறந்தது. லிட்டருக்கும் ஒரு சிறு வரலாறு உண்டு. 1901இல் அது ஒரு கிலோ நீரின் கன அளவு என வரையறுக்கப்பட்டதால், பத்து லட்சத்தில் 28 பங்கு கூடிப்போனது. 1964இல்தான் ஒரு கன மீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்காக மீண்டது.

மெட்ரிக் அலகுகளுக்குள் மாற்றுவது எளிது. விநாடிக்கு ஒரு லிட்டர் ஓடினால் நிமிடத்துக்கு 60 லிட்டர், மணிக்கு 3.6 கன மீட்டர், நாளுக்கு 86,400 லிட்டர். ஒரு எம்.எல்.டி. என்பது விநாடிக்கு 11.574 லிட்டர். நாளுக்கு ஒரு மில்லியன் கன அடி என்பதும் விநாடிக்கு 11.574 கன அடியே. இரண்டிலும் பத்து லட்சத்தை 86,400ஆல் வகுப்பதால் ஒரே எண் வருகிறது. 58 கிராமக் கால்வாயில் விநாடிக்கு 150 கன அடி திறந்தால், அது விநாடிக்கு ஏறத்தாழ 4,250 லிட்டர், அதாவது 4.25 கன மீட்டர். ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 367 எம்.எல்.டி.

இஞ்ச் கணக்கில்தான் விவசாயி ஏமாந்துபோகிறார். ரிக் வண்டிக்காரர் கம்ப்ரஸரால் போரிலிருந்து நீரை வெளியே தள்ளி, மண் அணை கட்டி, நடுவில் ‘வி’ வடிவில் 90 பாகைக்கு வெட்டிய தகட்டை நிறுத்துவார். அந்த வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதுவே ‘ரெண்டு இஞ்ச் தண்ணி’, ‘மூணு இஞ்ச் தண்ணி’. குழாயின் குறுக்களவு அல்ல. ஓட்டம் இந்த உயரத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்ப கூடும். எனவே ஒரு இஞ்ச் என்றால் நிமிடத்துக்கு 8 லிட்டருக்குச் சற்று மேல். இரண்டு இஞ்ச் 48 லிட்டர். மூன்று இஞ்ச் 130 லிட்டருக்கு மேல். இஞ்ச் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கும் கூடுதலாகிறது. கூட்டல் கணக்காக இதைப் பார்ப்பது பெரும் பிழை.



மோட்டார்த் தகட்டில் நிமிடத்துக்கு லிட்டர் என்றே அச்சிட்டிருக்கும். இரண்டு இஞ்ச் போரில் நிமிடத்துக்கு 100 லிட்டர் இறைக்கும் மோட்டாரை இறக்கினால், ஊறும் தண்ணீர் ஈடுகொடுக்காமல் மோட்டார் வெறும் ஓட்டமாக ஓடிக் காயில் கருகும். இஞ்சை லிட்டராக மாற்றிப் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.