மூளைக்காய்ச்சல் தடுப்பூசி: ஆப்பிரிக்காவுக்காக ஒரு கூட்டு முயற்சி

ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் நம் ஹாஜிகள் போட்டுக்கொள்ளும் ஊசிகளில் ஒன்று மெனிஞ்சைடிஸ் தடுப்பூசி. ஹஜ் விளக்கக் கூட்டங்களில் ‘இது எதற்கு ஹஜ்ரத்?’ என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியுள்ள உறையைத் தாக்கும் கிருமிக் காய்ச்சல் இது. 1987 ஹஜ்ஜின்போது இதன் ‘ஏ’ வகை பரவியது. அதன் பிறகே சவூதி அரசு ஊசியைக் கட்டாயமாக்கியது.

ஆனால் இந்நோய் அதிகம் வாட்டியது ஆப்பிரிக்காவைத்தான். செனகல் தொடங்கி எத்தியோப்பியா வரை நீளும் நாடுகளில், வறண்ட புழுதிக் காற்று வீசும் மாதங்களில் இது கொள்ளைநோயாகப் பரவும். மாலி, நைஜர், வட நைஜீரியா என முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் பகுதிகள் இவற்றில் அடங்கும். 1996-97இல் மட்டும் 2,50,000 பேருக்கு மேல் நோயுற்றனர். சுமார் 25,000 பேர் மரணித்தனர். பிழைத்தவர்களிலும் பலர் செவித்திறனை இழந்தனர்.

அந்த நேரத்தில்தான் நைஜீரியாவின் கானோ நகரில் ஃபைசர் நிறுவனம் தன் புதிய மருந்து ஒன்றை நோயுற்ற குழந்தைகளிடம் சோதித்தது. முறையாக விளக்கிச் சம்மதம் பெறவில்லை என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் மறுத்தது, 2009இல் கானோ மாநில அரசுடன் சமரசம் ஆனது. மருந்து நிறுவனங்கள் மீது அங்குள்ள மக்களுக்கு ஏற்பட்ட அவநம்பிக்கை நியாயமற்றது என்று சொல்ல முடியாது.

பழைய தடுப்பூசி சில ஆண்டுகளே பலன் தந்தது, கைக்குழந்தைகளுக்கு உதவவில்லை. புதியதை உருவாக்க 2001இல் உலக சுகாதார நிறுவனமும் ‘பாத்’ என்ற தொண்டு நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுடன் இறங்கின. ஆப்பிரிக்க அதிகாரிகள் வைத்த நிபந்தனை ஒன்றே: ஒரு ஊசியின் விலை அரை டாலரைத் தாண்டக்கூடாது. அந்த விலைக்குப் பெரிய நிறுவனங்களுடன் பேச்சு ஒத்துவரவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டது புனேயிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட். அமெரிக்க அரசின் ஆய்வுக்கூடத்தில் உருவான செய்முறை அதற்குக் கற்றுத் தரப்பட்டது. முக்கிய மூலப்பொருள் முதலில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்தது. இதைத் தர்மம் என்று எண்ணிவிட வேண்டாம். விலை குறைவு என்றாலும் கோடிக்கணக்கில் விற்பனை, கையில் ஒரு புதிய தொழில்நுட்பம் என்று நிறுவனத்துக்கும் அதில் ஆதாயம் இருந்தது.

2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் ‘மென்ஆஃப்ரிவாக்’ போடத் தொடங்கினார்கள். 1 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரே ஊசி. விலை சுமார் 40 சென்ட், அதாவது அன்றைய மதிப்பில் 20 ரூபாய்க்கும் குறைவு. குளிர்பெட்டி இல்லாமலும், 40 டிகிரி வரையான வெப்பத்தில், நான்கு நாள் தாங்கும் என்று பின்னர் உறுதியானது. மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கு இது பெரிய வசதி. 30 கோடிக்கும் அதிகமானோர் போட்டுக்கொண்டனர். 2017க்குப் பின் அந்த நாடுகளில் ‘ஏ’ வகை நோயாளி எவரும் பதிவாகவில்லை.

மற்ற வகைகள் ஓயவில்லை. 2015இல் நைஜரில் ‘சி’ வகை பரவியது. ஐந்து வகைகளைத் தடுக்கும் ‘மென்ஃபைவ்’ ஊசியை அதே பாத், சீரம் கூட்டணி உருவாக்கியது. 2024இல் அதை முதலில் போடத் தொடங்கிய நாடு நைஜீரியா.

நம் ஹாஜிகளுக்கான ஊசி நான்கு வகைகளைத் தடுப்பது. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டு, சான்றிதழைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.