வேலியும் மரமும் அயலார் உரிமையும்

மண்ணாசையால் மன்னர்கள் பொருத கதைகளை வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாய்ப் பேசுகின்றன. ஒரு முழ வேலிக்காகவும் எல்லை தாண்டிய ஒரு கிளைக்காகவும் அண்டை வீட்டார் இருவர் ஆயுள் முழுவதும் முகம் பாராதிருந்த கதையை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆயினும் மனிதரின் அன்றாட அமைதியைக் குலைப்பவை பெரும்பாலும் இச்சிறு பூசல்களே. இஸ்லாமியச் சட்டக் கலையாகிய பிக்ஹு இவற்றை அற்பமென்று ஒதுக்கிவிடவில்லை. நூற்றாண்டுகள் தோறும் அதன் வல்லுநர்கள் வழங்கிய முடிவுகளை வரிசையாக நோக்குவோமாயின், அவற்றினூடே ஒரு நெறி ஓடுவதைக் காணலாம். நீக்கப்பட வேண்டியது தீங்கு. அதை நீக்கப் போதுமான அளவுக்கு மேல் ஒரு சுள்ளியும் வெட்டப்படலாகாது என்பதே அந்நெறி.

அபூதாவூது நூலில் ஒரு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தினுள் பேரீச்ச மரம் இருந்தது. அன்ஸாரி தம் குடும்பத்தாருடன் அங்கே வசித்து வந்தார். மரத்தைப் பார்க்க ஸமுரா உள்ளே வரும்போதெல்லாம் வீட்டாருக்கு இடைஞ்சலாயிற்று. விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. வேறிடத்தில் மாற்று தருவதாகச் சொன்னார், அதுவும் ஏற்கப்படவில்லை. வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுன் வந்தது. அவர்களும் விற்றுவிடுமாறு கூறினார்கள், மாற்றிக்கொள்ளுமாறு கூறினார்கள், நன்கொடையாக அளித்தால் கிட்டும் நற்கூலியையும் எடுத்துரைத்தார்கள். மூன்றும் மறுக்கப்பட்ட பின்னரே, அவர் தீங்கு விளைப்பவர் என்று அறிவித்து, மரத்தைப் பிடுங்கிவிடும்படி அன்ஸாரியைப் பணித்தார்கள். இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீதுக் கலைஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் சட்ட அறிஞர்கள் இதிலிருந்து பெற்ற பாடம் தெளிவானது. மரத்தைப் பிடுங்குதல் முதற்படியன்று. மூன்று படிகளும் பயனற்றுப்போன பின் வந்த கடைசிப் படி.

மரத்தைப் போலவே வேலியும் வழக்குக்கு வந்தது. இரு வீடுகளுக்கிடையே நிற்கும் நாணல் தட்டி எவருக்கு உரியது? இப்னு மாஜா நூலில் வரும் அறிவிப்பொன்றின்படி, இத்தகைய வழக்கைத் தீர்க்க ஹுதைஃபா (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். தட்டியைக் கட்டிய கயிற்றின் முடிச்சுகள் எவர் பக்கம் இருக்கின்றனவோ அவருக்கே அது உரியது என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். கட்டியவன் தன் பக்கம் நின்றுதானே முடிச்சுப் போட்டிருப்பான் என்பது அதன் கருத்து. இவ்வறிவிப்பு வலுவற்றது என்பர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் முடிச்சைச் சான்றாகக் கொள்ளவில்லை. அபூஹனீஃபாவின் மாணாக்கர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் கொண்டனர். ஒரு வேலிக் கயிற்றின் முடிச்சைப் பற்றி மாபெரும் இமாம்கள் கருத்து வேறுபட்டு ஆய்ந்தனர் என்பதே நம் கவனத்துக்குரியது.

பிற்காலத்தில் இத்துறைக்கெனத் தனி நூல்களே தோன்றின. ஸ்பெயினின் துதேலா நகரைச் சார்ந்த ஈஸா இப்னு மூஸா (மறைவு 996) சுவர் பற்றியே ஒரு நூல் யாத்தார். தூனிஸ் நகரத்து இப்னுர் ராமி (மறைவு 1334) கொத்தனார் தொழில் புரிந்தவர். காழி மன்றங்களுக்குக் கட்டட விவகாரங்களில் துணை நின்றவர். தொழிலறிவையும் சட்ட அறிவையும் இணைத்து அவர் எழுதிய நூல் மாலிக்கி மத்ஹபில் பெரிதும் மதிக்கப்படுவது. மரம் முந்தியதா, சுவர் முந்தியதா என்ற வினாவை மாலிக்கி அறிஞர்கள் முக்கியமாக எழுப்பினர். நிற்கும் மரத்தை அறிந்தே அருகில் வீடு கட்டியவன் பின்னர் முறையிடுவது தகுமா என்பதில் அவர்களிடையே இருவேறு கருத்துகள் நிலவின.

இச்சிந்தனைகள் அரசாங்கச் சட்டமாக வடிவெடுத்தது உதுமானியப் பேரரசில். அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் அமைந்த குழு, ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் 1869 முதல் 1876 வரை ‘மஜல்லா’ எனும் சட்டத் தொகுப்பை 1851 பிரிவுகளாக வெளியிட்டது. அதன் 1196-ஆம் பிரிவு நம் பொருளை நேராகத் தொடுகின்றது. ஒருவர் தோட்டத்து மரக்கிளைகள் அயலார் வீட்டுக்குள்ளோ தோட்டத்துக்குள்ளோ நீண்டால், அவற்றை இழுத்துக் கட்டச் செய்யவோ வெட்டச் செய்யவோ அயலாருக்கு உரிமை உண்டு. ஆனால் நிழல் விழுந்து தம் பயிர் கெடுகின்றது என்று கூறி மரத்தையே வெட்டச் சொல்ல உரிமையில்லை.

இப்பிரிவில் ‘கட்டுதல்’ முன்னும் ‘வெட்டுதல்’ பின்னும் நிற்பதை நோக்குக. கயிற்றால் இழுத்துக் கட்டினாலே இடைஞ்சல் தீரும் என்றிருக்க, அயலார் தாமே கிளையை வெட்டிவிட்டால் இழப்பீடு தரக் கடமைப்பட்டவராவார் என்று ஹனஃபி நூல்கள் கூறும். கிளை பிறர் வெளியை அடைத்துக்கொள்கின்றது. நிழலோ எதையும் கைப்பற்றுவதில்லை. இவ்வேறுபாட்டையே சட்டம் கருத்திற்கொண்டது எனலாம்.

பெண்டிரின் மறைவு பற்றியும் மஜல்லா பேசுகின்றது. அடுப்பங்கரை, கிணற்றடி, முற்றம் ஆகியன அயலார் பார்வைக்குத் திறந்திருத்தல் பெருந்தீங்கு என்பது 1202-ஆம் பிரிவு. நம் பழைய வீடுகளை அறிந்தோருக்கு இம்மூன்று இடங்களையும் விளக்க வேண்டியதில்லை. குச்சி வேலியின் இடுக்கு வழியே பார்வை செல்லுமாயின், இடுக்கை அடைக்குமாறு உரியவருக்கு ஆணையிடலாம். வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் எழுப்பு என்று வற்புறுத்தலாகாது. பழமரத்தில் ஏறினால் அடுத்த வீட்டுப் பெண்டிர் இருப்பிடம் தெரியுமெனில், ஏறும் ஒவ்வொரு முறையும் முன்னறிவிப்புத் தர வேண்டும். தராவிடில், அறிவியாமல் ஏறக்கூடாதென நீதிமன்றம் தடுக்கும். மரமும் பிழைத்தது, மறைவும் பிழைத்தது!

இதே நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் லெம்மன் எதிர் வெப் என்ற புகழ்பெற்ற வழக்கு நடந்தது. எல்லை தாண்டிய கிளைகளைத் தன் நிலத்தில் நின்றவாறே, முன்னறிவிப்பு ஏதுமின்றி வெட்டிவிடலாம் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உரிமை எவருடையது என்பதில் இரு சட்டங்களும் ஒன்றுபடுகின்றன. அவ்வுரிமையைக் கையாளும் முறையில்தான் வேறுபடுகின்றன. ஒன்று அரிவாளை முதலில் நீட்டுகின்றது. மற்றொன்று கயிற்றை முதலில் நீட்டுகின்றது.

துருக்கி 1926-லும், சிரியா 1949-லும், ஜோர்தான் 1976-லும் மஜல்லாவுக்குப் பதிலாகப் புதிய உரிமையியல் சட்டங்களை இயற்றிக்கொண்டன. சட்டம் ஏட்டிலிருந்து நீங்கலாம். அது தீர்க்க முனைந்த பூசல் நீங்குவதில்லை. மனைகள் குறுகி, சுவரோடு சுவர் உரசி நிற்கும் இந்நாளில், அடுத்த வீட்டு வேப்பங்கிளையும் தென்னை மட்டையும் நம்மிடையேயும் சினத்தை மூட்டத்தான் செய்கின்றன. வெட்டப்பட்ட மரம் ஓராண்டில் மீண்டும் வளராது. முறிந்த அயலுறவோ பல ஆண்டுகளாயினும் துளிர்ப்பது அரிது. கிளை எல்லையைத் தாண்டும்போது முதலில் ஒரு சொல், பிறகு ஒரு கயிறு, இரண்டும் பயன்படாதபோதே அரிவாள் என்ற வரிசையைச் சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், நாமாக மேற்கொள்ளத் தடை யாது?