தகாசகோ சுமோ கூடம்

தோக்கியோவின் சுமிதா வட்டாரத்தில் உள்ள ஹோன்ஜோவில் இயங்கும் சுமோ மல்லர் கூடம். சுமோவின் ஐந்து பெருங்குழுமங்களுள் ஒன்று இதன் பெயராலேயே வழங்குகிறது. இத்தகைய கூடம் ஒன்றில் சேராமல் யாரும் தொழில்முறை மல்லராக முடியாது.

நிறுவனர் தகாசகோ உராகோரோ ஒரு கலகக்காரர். மல்லர்களுக்கு நியாயமான வருவாய் கேட்டு 1873இல் சுமோ சங்கத்தை எதிர்த்தார். தரவரிசைப் பட்டியலில் அவர் பெயரை மையால் அடித்தார்கள். தனி அணி நடத்திவிட்டு 1878இல் திரும்பினார். அந்த ஆண்டையே கூடத்தின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். ஆனால் அதிகாரம் கைக்கு வந்ததும் அவரே எதேச்சாதிகாரியாகிவிட்டார். 1896இல் மல்லர்கள் அவருக்கு எதிராகக் கிளம்பினார்கள்.

உச்சப் பட்டமான யோகோசுனாவை இக்கூடத்தார் பலர் பெற்றனர். அவர்களுள் 39ஆம் யோகோசுனா மயேதாயமாவின் கதை தனி. 1949இல் உடல்நலமில்லை என்று போட்டியிலிருந்து விலகியவர், அமெரிக்க பேஸ்பால் அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போய்ப் பிடிபட்டார். ஓய்வு பெறுவதைத் தவிர வழியில்லை. ஆனால் அமெரிக்கா மீதான ஈர்ப்பு போகவில்லை. கூடத்தின் தலைவராக 1951இல் மல்லர்களுடன் அந்நாட்டுக்குப் பயணமானார். 1964இல் ஹவாயைச் சேர்ந்த ஜெசி குஹவுலுவாவைச் சேர்த்துக்கொண்டார். தகாமியாமா என்ற பெயரில் களமிறங்கிய அந்த இளைஞர், 1972 ஜூலையில் முதல்நிலைப் பிரிவில் வாகை சூடிய முதல் அயல்நாட்டவர். அதிபர் நிக்சனின் வாழ்த்து களத்திலேயே வாசிக்கப்பட்டது. 1987இல் இதே கூடத்தின் கோனிஷிகி, யோகோசுனாவுக்கு அடுத்த நிலையான ஓசெகி பட்டம் பெற்ற முதல் அயல்நாட்டவரானார். பின்னாளில் 25 முறை வாகை சூடிய மங்கோலியர் அசாஷோர்யூவும் இக்கூடத்தவரே.

வெளிநாட்டவருக்குக் கதவு திறந்ததால் உள்வழக்கம் தளர்ந்துவிடவில்லை. இளையவர்கள் விடியலில் எழுந்து வெறும் வயிற்றுடன் பயில்வார்கள். சாங்கோ எனும் கூட்டு உணவைச் சமைப்பவர்களும் அவர்களே. ஆனால் மூத்தவர்கள் உண்ட பிறகே அவர்களுக்குப் பந்தி. மாதச் சம்பளம் மேல் இரு பிரிவினருக்கு மட்டும், மற்றவர்களுக்குப் படிதான். இங்குள்ள மல்லர்களின் களப்பெயர் பெரும்பாலும் ‘அசா’ என்றே தொடங்கும். 2019 மே மாதம் அதிபர் டிரம்ப் கையால் கோப்பை வாங்கிய அசானோயாமாவும் இவ்வரிசையில் வந்தவர்தான்.

கூடத்தை நடத்தத் தேவையான மூத்தோர் பதவிக்கு ஜப்பானியக் குடியுரிமை கட்டாயம். அதைப் பெற்று, 2020இல் தகாசகோ எனும் தலைமைப் பெயரை ஏற்ற அசாசெகிர்யூ, மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் பிறந்தவர்.